லாக்டேஸ் மாத்திரை: பால் ஒத்துக்கொள்ளாத பெரியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பால் குடித்தால் வயிறு உப்பிக்கொள்கிறது, கடமுடா என்று சத்தம் போடுகிறது, சில நேரம் கழிவறைக்கு ஓடவும் வேண்டியிருக்கிறது. இந்தத் தொல்லை உள்ளவர்களிடம் யாராவது ஒருவர் "லாக்டேஸ் மாத்திரை போட்டுப் பாருங்களேன்" என்று சொல்லியிருப்பார். போட்டவர்களில் சிலர் நிம்மதியாகப் பால் குடிக்கிறார்கள். சிலர் "ஒன்றும் வேலை செய்யவில்லை" என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அப்படித் தூக்கிப் போட்டவர்களுக்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன். மாத்திரை பலிக்காமல் போவதற்குப் பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான் காரணம்: போட்ட நேரம் தவறு, போட்ட அளவு போதவில்லை, அல்லது தொல்லைக்குக் காரணமே லாக்டோஸ் இல்லை.

இங்கே சொல்வதெல்லாம் பெரியவர்களுக்கு. கைக்குழந்தைகளின் விஷயம் வேறு. அதைக் குழந்தை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

லாக்டோஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது?

பாலில் இயல்பாகவே இருக்கும் சர்க்கரைதான் லாக்டோஸ். குளுக்கோஸும் காலக்டோஸும் ஒட்டி இரட்டையாக இருக்கும். அப்படி இரட்டையாக இருக்கும்வரை குடலால் அதை உறிஞ்ச முடியாது. சிறுகுடலின் உட்சுவரில் இருக்கும் லாக்டேஸ் என்ற நொதி, அதாவது என்சைம், அந்த இணைப்பை வெட்டிவிட வேண்டும். வெட்டிவிட்டால் இரண்டும் தனித்தனியாக ரத்தத்தில் சேர்ந்துவிடும்.

லாக்டேஸ் குறைவாக இருந்தால் வெட்டுப்படாத லாக்டோஸ் அப்படியே பெருங்குடலுக்குப் போகிறது. போகும் வழியில் தண்ணீரையும் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. மலம் இளகிப் போவது அதனால்தான். பெருங்குடலில் உள்ள பாக்டீரியாக்கள் அந்தச் சர்க்கரையைத் தின்று ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு, சிலருக்கு மீத்தேன் என்று வாயுக்களை வெளியிடுகின்றன. உப்புசமும், வயிற்றுப் பிசைவும், வாயு பிரிவதும் அங்கிருந்து வருபவை. பால் குடித்த அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இது பெரும்பாலும் தொடங்கிவிடும்.

குடலுக்கு இதனால் காயமோ நிரந்தரச் சேதமோ வருவதில்லை. அவஸ்தை உண்டு, ஆபத்து இல்லை.

சின்ன வயதில் பால் நன்றாகத்தானே ஒத்துக்கொண்டது? இப்போது ஏன்?

தாய்ப்பால் குடிக்கும் பருவத்தில் லாக்டேஸ் நிறைய இருக்கும். அந்தப் பருவம் முடிந்ததும் மெல்ல மெல்லக் குறைவது மனித உடலின் இயல்பு. உலகில் உள்ள பெரியவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு இப்படிக் குறைந்துதான் இருக்கிறது. ஆகவே இதை ஒரு நோய் என்று நினைத்து வருந்த வேண்டியதில்லை. பெரியவர்களான பிறகும் சுரப்பு குறையாமல் இருப்பதுதான் ஒரு மரபணு மாற்றத்தால் வந்தது. பின்லாந்துக் குடும்பங்களை ஆராய்ந்து 2002-ல் அந்த மாற்றங்களில் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவில் கால்நடை வளர்க்கும் மக்களிடம் அதே வேலையைச் செய்யும் வேறு மாற்றங்கள் இருப்பது 2007-ல் தெரிய வந்தது.

இன்னொரு வகையும் உண்டு. கடுமையான வயிற்றுப்போக்கு, ஜியார்டியா தொற்று, சீலியாக் நோய், குரோன் நோய், புற்றுநோய்க்கான கீமோதெரபி போன்றவற்றால் சிறுகுடலின் உட்சுவர் பாதிக்கப்பட்டால் லாக்டேஸ் தற்காலிகமாகக் குறையும். மூல காரணத்துக்கு வைத்தியம் பார்த்து, குடல் சுவர் ஆறினால், சில வாரங்களிலோ மாதங்களிலோ பால் மறுபடி ஒத்துக்கொள்ளத் தொடங்கும். திடீரென்று சமீபத்தில் தொல்லை ஆரம்பித்தவர்கள் இந்த வகையை முதலில் யோசிக்க வேண்டும். மாத்திரை போட்டுச் சமாளித்துக்கொண்டே இருந்தால் அடியில் இருக்கும் நோய் கவனிக்கப்படாமல் போய்விடும்.

லாக்டேஸ் மாத்திரை என்பது என்ன? எதிலிருந்து எடுக்கிறார்கள்?

நம் குடலில் குறைவாக இருக்கும் அதே வேலையைச் செய்யும் நொதியை வெளியிலிருந்து கொடுப்பதுதான். மாத்திரைகளில் இருப்பது பெரும்பாலும் ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே அல்லது ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற பூஞ்சைகளை வளர்த்து எடுக்கும் லாக்டேஸ். இந்த வகை அமிலத்தைத் தாங்கும். அதனால் இரைப்பையிலேயே வேலையைத் தொடங்கிவிடும். பாலில் ஊற்றும் சொட்டுகளில் இருப்பது பெரும்பாலும் குளூய்வெரோமைசஸ் லாக்டிஸ் என்ற ஈஸ்ட்டிலிருந்து வரும் வகை. அதற்கு அமிலம் ஆகாது. இரைப்பைக்குள் போனால் செயலிழந்துவிடும். பால் போல நடுநிலையான திரவத்தில்தான் அது நன்றாக வேலை செய்யும்.

இந்த வித்தியாசம் தெரியாமல் சொட்டு மருந்தை நேரடியாக விழுங்கிவிட்டுப் பலன் இல்லை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எது எதற்கு என்று அட்டையில் போட்டிருக்கும், அதைப் படியுங்கள்.

சைவ உணவுக்காரர்களுக்கு ஒரு குறிப்பு: நொதி விலங்கிலிருந்து வருவதில்லை. ஆனால் கேப்ஸ்யூல் உறை ஜெலட்டினாக இருந்தால் அது விலங்கிலிருந்து வருவது. மாத்திரையாகவோ செடிப்பொருள் உறையாகவோ பார்த்து வாங்கிக்கொள்ளலாம்.

எனக்கு லாக்டோஸ்தான் பிரச்சினை என்று எப்படி உறுதி செய்வது?

இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் முதலில் கேட்க வேண்டும், ஆனால் பெரும்பாலும் கடைசியில்தான் கேட்கிறார்கள்.

1995-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. "எனக்குப் பால் சுத்தமாக ஒத்துக்கொள்ளாது" என்று சொன்ன 30 பேரைச் சேர்த்துக்கொண்டார்கள். பரிசோதித்துப் பார்த்தால் அவர்களில் 9 பேருக்கு லாக்டோஸ் சரியாகவே செரித்தது. மற்ற 21 பேருக்கும் தினமும் காலையில் சுமார் 240 மில்லி பால் கொடுத்தார்கள். ஒரு வாரம் சாதாரணப் பால், ஒரு வாரம் லாக்டோஸ் உடைக்கப்பட்ட பால். எது எந்தப் பால் என்று குடித்தவர்களுக்குத் தெரியாது. இரண்டு வாரத்திலும் தொந்தரவு ஏறக்குறைய ஒன்றுபோல, கொஞ்சமாகத்தான் இருந்தது.

இதை வைத்து "எல்லாம் மனப்பிரமை" என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. வயிற்று வலி உண்மைதான். அதற்கு நாம் கற்பிக்கும் காரணம்தான் சில நேரம் தவறாகிவிடுகிறது. எரிச்சல் குடல் நோய் இருப்பவர்களுக்கு வெங்காயம், கோதுமை, பயறு வகைகள் என்று பல பொருட்கள் இதே உப்புசத்தைத் தரும். அவற்றோடு பாலும் குடித்திருந்தால் பழி பால்மேல் விழும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. இரண்டு வாரம் லாக்டோஸ் உள்ள எதையும் தொடாமல் இருங்கள். தொந்தரவு தெளிவாகக் குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தால், வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் பால் குடித்துப் பாருங்கள். பழைய தொல்லை அதே மாதிரி திரும்பினால், இன்னொரு நாள் அதே அளவு லாக்டோஸ் இல்லாத பாலைக் குடியுங்கள். முதலாவது தொந்தரவு தந்து இரண்டாவது தராவிட்டால் லாக்டோஸ்மேல் சந்தேகம் வலுவாகிறது. இரண்டுமே தொந்தரவு தந்தால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது.

மருத்துவமனையில் செய்வது மூச்சுப் பரிசோதனை. 25 அல்லது 50 கிராம் லாக்டோஸைத் தண்ணீரில் கலந்து குடிக்கச் சொல்லி, அடுத்த சில மணி நேரம் மூச்சில் ஹைட்ரஜன் எவ்வளவு வருகிறது என்று அளப்பார்கள். ஆரம்ப அளவைவிட பத்து லட்சத்தில் 20 பங்கோ அதற்கு மேலோ கூடினால் லாக்டோஸ் செரிக்கவில்லை என்று பொருள். சமீபத்தில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தால் முடிவு தவறாக வரலாம், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சோதனை நாளில் லாக்டேஸ் மாத்திரை போடவே கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எவ்வளவு போட வேண்டும்? அட்டையில் எஃப்சிசி என்று ஓர் எண் இருக்கிறதே?

அந்த எண்தான் முக்கியம். மில்லிகிராமைப் பார்க்காதீர்கள். ஒரு நொதியின் எடைக்கும் அதன் வேகத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. எஃப்சிசி அலகு என்பது அந்த நொதி எவ்வளவு வேகமாக வெட்டுகிறது என்பதன் கணக்கு. சந்தையில் பரவலாகக் கிடைப்பவை 3,000, 4,500, 9,000 அலகுகள் கொண்டவை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு லாக்டேஸ் பொருள் "லாக்டோஸ் செரிக்கச் சிரமப்படுபவர்களுக்குச் செரிமானத்தை மேம்படுத்துகிறது" என்று அட்டையில் போட வேண்டுமென்றால், லாக்டோஸ் உள்ள ஒவ்வொரு உணவோடும் குறைந்தது 4,500 எஃப்சிசி அலகுகள் எடுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும் என்பது விதி. தொடங்குவதற்கு அதை ஒரு நல்ல கணக்காக எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் அளவை மட்டும் பார்த்தால் போதாது, எதிரே எவ்வளவு லாக்டோஸ் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 250 மில்லி பாலில் சுமார் 12 கிராம் லாக்டோஸ் இருக்கும். ஒருவர் அரை டம்ளர் பாலுக்கு 4,500 போட்டு நன்றாக இருந்திருப்பார். அதே மாத்திரையை ஒரு பெரிய மில்க் ஷேக்கும் ஐஸ்கிரீமும் சேர்ந்த அன்று போட்டிருப்பார், போதாது. பால் பவுடர் சேர்த்த இனிப்புகளிலும் கவனம் வேண்டும். கொழுப்பு நீக்கிய பால் பவுடரின் எடையில் ஏறத்தாழ பாதி லாக்டோஸ்தான்.

என் யோசனை இதுதான்: முதலில் ஒரு குறிப்பிட்ட பொருளை, ஒரு குறிப்பிட்ட அளவில் எடுத்துக்கொள்ளுங்கள், உதாரணமாக ஒரு டம்ளர் பால். அதற்கு 4,500 போட்டுப் பாருங்கள். போதவில்லை என்றால் அடுத்த முறை 9,000. அதற்கும் அசையவில்லை என்றால் அளவை ஏற்றிக்கொண்டே போகாமல் காரணத்தைச் சந்தேகியுங்கள். நன்றாக இருந்தால், குறைத்தும் பார்க்கலாம். லாக்டேஸ் குறைவு என்று தெரிந்தவர்களில்கூடப் பலர் ஒரே வேளையில் 12 கிராம் வரை லாக்டோஸைப் பெரிய தொந்தரவு இல்லாமல் தாங்குகிறார்கள் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-ல் ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னது. காபியில் ஊற்றும் கொஞ்சம் பாலுக்கெல்லாம் பலருக்கு மாத்திரையே வேண்டியிருக்காது.

எப்போது போட வேண்டும்?

முதல் வாயோடு. இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

நொதியும் லாக்டோஸும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் கலந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு மணி நேரம் முன்பே போட்டால், பால் வந்து சேர்வதற்குள் நொதி இரைப்பையைக் கடந்து போயிருக்கும், அல்லது மற்ற புரதங்களைப் போல அதுவும் செரித்துப் போயிருக்கும். சாப்பிட்டு முடித்துப் போட்டால் பாலின் ஒரு பகுதி ஏற்கெனவே கீழே இறங்கியிருக்கும்.

மெல்லும் மாத்திரையை நன்றாக மென்று விழுங்குங்கள். அப்போது அது உணவோடு சீக்கிரம் கலக்கும். முழுதாக விழுங்கும் வகை என்றால் தண்ணீரோடு முதல் வாய்க்குச் சற்று முன்பு. விருந்து நீண்டுகொண்டே போகிறது, கடைசியில்தான் ஐஸ்கிரீம் வருகிறது என்றால் ஆரம்பத்தில் போட்ட மாத்திரையை நம்பாதீர்கள். அரை மணி, முக்கால் மணிக்கு மேல் ஆகிவிட்டால் ஐஸ்கிரீம் வரும்போது இன்னொன்று போடுங்கள். காலையில் ஒன்று போட்டால் நாள் முழுக்கக் காக்கும் என்று நினைப்பது மிகப் பரவலான தவறு. அது அந்த ஒரு வேளைக்கு மட்டும்தான்.

பால் மட்டும் குடிக்கும்போது வெறும் வயிற்றில் இல்லாமல் மற்ற உணவோடு சேர்த்துக் குடித்தால் இரைப்பை மெதுவாகக் காலியாகும், நொதிக்குக் கூடுதல் நேரம் கிடைக்கும். மாத்திரை போடாதவர்களுக்கும் இது உதவும்.

மறந்துவிட்டேன். வயிறு உப்பிய பிறகு போட்டால் சரியாகுமா?

ஆகாது. லாக்டோஸ் அதற்குள் பெருங்குடலுக்குப் போய்விட்டது. மாத்திரை அங்கே போய்ப் பிடிக்காது. சாப்பிட்டு ஐந்து பத்து நிமிடம்தான் ஆகிறது என்றால் போட்டுப் பார்க்கலாம், பாதிப் பலன் கிடைக்கும். தொல்லை தொடங்கிவிட்டால் நிறையத் தண்ணீர் குடியுங்கள், கொஞ்சம் நடங்கள். அது தானாக அடங்கும்.

சூடான காபியில் மாத்திரையைப் பொடித்துப் போடலாமா?

வேண்டாம். நொதி ஒரு புரதம். சூடு பட்டால் அதன் வடிவம் குலைந்துவிடும், வடிவம் போனால் வேலையும் போய்விடும். மாத்திரையைத் தனியாகத் தண்ணீரில் விழுங்கிவிட்டு, அப்புறம் குடிக்கும் பதத்துக்கு ஆறிய காபியைக் குடியுங்கள். சமைக்கும் உணவில் கலப்பதும் வீண். மாத்திரை டப்பாவை வெயில் படும் இடத்திலோ காருக்குள்ளோ விட்டுவைத்தாலும் வீரியம் குறையும். காலாவதி தேதி தாண்டிய மாத்திரை விஷமாகிவிடாது. ஆனால் அட்டையில் உள்ள எண் அதற்குள் இருக்காது.

சொட்டு மருந்தை எப்படிப் பயன்படுத்துவது?

பாலில் அட்டையில் சொன்ன எண்ணிக்கையில் சொட்டுகளை விட்டுக் கலக்கி, குளிர்சாதனப் பெட்டியில் 24 மணி நேரம் வைக்க வேண்டும். சொட்டுகளைக் கூட்டினாலோ நேரத்தைக் கூட்டினாலோ இன்னும் அதிக லாக்டோஸ் உடையும். காய்ச்சிய பால் என்றால் நன்றாக ஆறிய பிறகுதான் சொட்டு விட வேண்டும். உடைந்து முடித்த பாலை மறுநாள் தாராளமாகச் சுட வைக்கலாம், ஏனென்றால் நொதியின் வேலை முடிந்துவிட்டது.

பால் கொஞ்சம் தித்திப்பாக இருக்கும், பயப்பட வேண்டாம். யாரும் சர்க்கரை சேர்க்கவில்லை. குளுக்கோஸும் காலக்டோஸும் லாக்டோஸைவிட இனிப்பானவை, அதனால் வரும் சுவை அது. வீட்டில் தினமும் பால் குடிப்பவருக்கு மாத்திரையைவிட இந்த முறை நம்பகமானது என்று நினைக்கிறேன். நேரம் தவறிப் போகும் சிக்கலே இதில் இல்லை.

அப்படியானால் கடையில் விற்கும் லாக்டோஸ் இல்லாத பால்?

அதுவும் இதேதான், தொழிற்சாலையிலேயே லாக்டேஸ் கலந்து உடைத்துவிடுகிறார்கள். கால்சியமும் புரதமும் சாதாரணப் பாலில் உள்ளபடியே இருக்கும். வீட்டில் அது, வெளியே போகும்போது பையில் மாத்திரை என்று வைத்துக்கொள்வது பலருக்கு வசதியாக இருக்கும்.

தயிர், சீஸ், வெண்ணெய் எல்லாவற்றுக்கும் மாத்திரை வேண்டுமா?

வேண்டாம். பல மாதம் முதிரவைத்த கெட்டியான சீஸில் லாக்டோஸ் ஏறக்குறைய இருக்கவே இருக்காது. பெரும்பகுதி வடிந்த நீரோடு போய்விடும். மிச்சத்தைப் பாக்டீரியாக்கள் தின்றுவிடும். வெண்ணெயிலும் மிகமிகக் குறைவு. முதிராத மென்மையான சீஸ், கிரீம், ஐஸ்கிரீம் இவற்றில் இருக்கும்.

தயிர் தனிக் கதை. உறையும்போது லாக்டோஸில் ஒரு பகுதிதான் குறைகிறது, கணிசமாக மிச்சம் இருக்கும். ஆனாலும் பால் ஒத்துக்கொள்ளாத பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்கிறது. காரணம் தயிரில் உயிரோடு இருக்கும் பாக்டீரியாக்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ், லாக்டோபேசில்லஸ் பல்காரிகஸ் என்ற இரண்டு வகைகளிடமும் லாக்டோஸை வெட்டும் நொதி உண்டு. பாக்டீரியாவின் உடலுக்குள் இருப்பதால் இரைப்பை அமிலம் அந்த நொதியை எளிதில் அழிப்பதில்லை. சிறுகுடலுக்கு வந்து அது வெளிப்பட்டு, கூடவே வந்த லாக்டோஸை உடைக்கிறது. உறைந்த பிறகு சூடாக்கிப் பாக்டீரியாவைக் கொன்ற தயிருக்கு இந்தப் பலன் குறைந்துவிடும். மாத்திரையைப் பற்றிய பேச்சில் தயிரை நாம் மறந்துவிடுகிறோம். என்னைக் கேட்டால், முதலில் முயன்று பார்க்க வேண்டியது அதைத்தான்.

தினமும் போடலாமா? உடல் தானே சுரப்பதை நிறுத்திவிடாதா?

நிறுத்தாது. லாக்டேஸ் எவ்வளவு உருவாக வேண்டும் என்பதை மரபணு தீர்மானிக்கிறது. வெளியிலிருந்து வருவதைப் பார்த்து உடல் அதைக் குறைத்துக்கொள்வதில்லை. அதே காரணத்தால் மாத்திரை போட்டுப் போட்டுச் சுரப்பு கூடப் போவதும் இல்லை. நொதி ரத்தத்தில் சேருவதில்லை. வேலையை முடித்துவிட்டு உணவிலுள்ள மற்ற புரதங்களைப் போலவே செரித்துவிடுகிறது. பழக்கமாகி அடிமையாவோமோ என்ற பயமும் தேவையில்லை. பால் சாப்பிடாத நாளில் போடவே வேண்டாம்.

பக்கவிளைவு உண்டா? யார் போடக் கூடாது?

பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் இருக்காது. அரிதாகச் சிலருக்கு மாத்திரையிலுள்ள நொதியோ பூஞ்சைப் புரதமோ ஒவ்வாமை தரலாம். வாய் அரிப்பு, உதடு வீக்கம், தோலில் தடிப்பு வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். மூச்சுத் திணறினால் அவசர சிகிச்சைக்குப் போங்கள். ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை ஒவ்வாமை ஏற்கெனவே இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

பால் ஒவ்வாமை உள்ளவர்கள் இந்தப் பக்கமே வரக் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒவ்வாமை என்பது பாலின் கேசீன், வே போன்ற புரதங்களுக்கு எதிராக உடலின் எதிர்ப்பு மண்டலம் கிளம்புவது. லாக்டேஸ் சர்க்கரையை மட்டுமே உடைக்கும், புரதத்தைத் தொடாது. மாத்திரையை நம்பிப் பால் குடித்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். லாக்டோஸ் இல்லாத பாலும் அவர்களுக்கு ஆகாது.

காலக்டோசீமியா என்ற அரிய பிறவிக் குறைபாடு உள்ளவர்களுக்கும் இது கூடாது. உடைந்து வரும் காலக்டோஸைத்தான் அவர்களின் உடல் கையாள முடியாது.

சர்க்கரை நோய் இருந்தால் போடலாம், ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள். முன்பு செரிக்காமல் போன சர்க்கரை இப்போது குளுக்கோஸாக ரத்தத்தில் சேரும். ஆரம்ப நாட்களில் ரத்தச் சர்க்கரையைச் சோதித்துப் பார்த்துக்கொள்ளுங்கள், மருத்துவரிடமும் சொல்லிவையுங்கள்.

கர்ப்பமாக இருக்கும்போது?

நொதி ரத்தத்தில் சேராது என்பதால் கவலைப்படப் பெரிய காரணம் இல்லை. இருந்தாலும் கர்ப்ப காலத்தில் வாயில் போடும் எதையும் மருத்துவரிடம் சொல்லிவிட்டே போடுங்கள்.

சரியான அளவு, சரியான நேரம். அப்படியும் வயிறு உப்புகிறதே?

முதலில், எதிர்பார்ப்பைக் கொஞ்சம் சரிசெய்துகொள்ளுங்கள். மாத்திரை போட்டால் மூச்சில் வரும் ஹைட்ரஜன் குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் எல்லோருக்கும் பூஜ்ஜியமாகிவிடுவதில்லை. கலக்கும் விதம், இரைப்பை காலியாகும் வேகம், அமிலத்தின் அளவு எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவருக்கு முழு நிம்மதி தருவது இன்னொருவருக்குப் பாதிதான் தரும்.

அடுத்து மாத்திரையையே பாருங்கள். மெல்லும் மாத்திரைகள் சிலவற்றில் இனிப்புக்காக மானிட்டால், சார்பிட்டால் சேர்த்திருப்பார்கள். இவையும் சரியாக உறிஞ்சப்படாமல் வாயு உண்டாக்கக்கூடியவை. எளிதில் உப்பும் வயிறு உள்ளவர்கள் அவை இல்லாத வகைக்கு மாறிப் பார்க்கலாம்.

"பல என்சைம்கள் சேர்ந்தது" என்று விற்கும் பொருட்களிலும் ஏமாறாதீர்கள். பத்து நொதிகளின் பெயர் இருக்கும், லாக்டேஸ் பெயரளவுக்கு இருக்கும். எஃப்சிசி எண் போடாத பொருளை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஆல்ஃபா காலக்டோசிடேஸ் என்று ஒன்று உண்டு. பயறு, பீன்ஸ் வகைகளால் வரும் வாயுவுக்கானது. லாக்டோஸுக்கு அது உதவாது. பெயர் ஒன்றுபோல இருப்பதால் மாற்றி வாங்குகிறார்கள்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் மாற்றம் இல்லை என்றால் மாத்திரையை விட்டுவிட்டு மேலே சொன்ன சோதனைக்குத் திரும்புங்கள். லாக்டோஸ் இல்லாத பாலே வயிற்றை உப்ப வைக்கிறது என்றால், எந்த லாக்டேஸ் மாத்திரையும் அதை மாற்றப் போவதில்லை.

மாத்திரையே இல்லாமல் பழக்கிக்கொள்ள முடியாதா?

ஓரளவு முடியும். கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் லாக்டோஸ் எடுத்துவந்தால், பெருங்குடலில் உள்ள பாக்டீரியாக் கூட்டம் அதற்குத் தகுந்தபடி மாறிக்கொள்கிறது, வாயு குறைகிறது. உடலில் லாக்டேஸ் கூடவில்லை, தாங்கும் சக்திதான் கூடுகிறது. கால் டம்ளர் பாலை உணவோடு தொடங்கி, சில நாளுக்கு ஒருமுறை சிறிது கூட்டிப் பாருங்கள். தொந்தரவு வந்த அளவிலிருந்து ஒரு படி இறங்கி அங்கேயே நில்லுங்கள். பாலை முழுக்க நிறுத்திவிட்டு எப்போதாவது ஒருநாள் நிறையக் குடிப்பவர்களுக்குத்தான் அவஸ்தை அதிகம்.

பேசாமல் பால் பொருட்களையே விட்டுவிட்டால் என்ன?

விடலாம், ஆனால் கால்சியத்தை வேறு எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும். பெரியவர்களுக்கு நாளைக்கு ஏறத்தாழ 1,000 மில்லிகிராம் கால்சியம் தேவை. ஒரு டம்ளர் பாலில் சுமார் 300 மில்லிகிராம் கிடைக்கும். கீரைகள், எள், முள்ளோடு சாப்பிடும் சிறு மீன்கள், கால்சியம் சேர்த்த சோயா பால் ஆகியவற்றால் ஈடுகட்டலாம், திட்டமிட்டுச் சாப்பிட்டால். திட்டமில்லாமல் பாலை மட்டும் நிறுத்தியவர்களின் எலும்பு பற்றித்தான் எனக்குக் கவலை, அதிலும் மாதவிடாய் நின்ற பெண்களைப் பற்றி.

மற்ற மாத்திரைகளில் லாக்டோஸ் கலந்திருப்பதாகப் போட்டிருக்கிறதே?

பல மருந்து மாத்திரைகளில் நிரப்புப் பொருளாக லாக்டோஸ் சேர்க்கிறார்கள். அளவு மிகக் குறைவு, பெரும்பாலும் ஒரு கிராமுக்கும் கீழே. பெரும்பான்மையோருக்கு இதனால் ஒன்றும் ஆகாது. இதைக் காரணம் காட்டி மருத்துவர் கொடுத்த மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

எப்போது கட்டாயம் மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, தொடர் வாந்தி, ரத்தசோகை. இவற்றில் எதற்கும் லாக்டேஸ் குறைபாடு காரணமாக இருக்காது. 50 வயதுக்கு மேல் முதல்முறையாக வயிற்றின் போக்கு மாறினாலும் மாத்திரையில் தீர்வு தேடாதீர்கள். போகும்போது ஒரு வாரம் என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் கழித்து என்ன ஆனது என்று எழுதிய தாளையும், போட்ட மாத்திரையின் அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.